சிட்னித் துறைமுகத்தில் சரக்குக் கப்பலைத் தேடிய சித்தப்பா

சிட்னியில் குடியிருக்கும் தமிழர் வீட்டுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களின் வரிசை ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றுதான்: முதலில் மேஸ் ஹில் முருகன் கோயில், அடுத்து ஓப்பரா ஹவுஸ் படிக்கட்டில் ஒரு படம், பிறகு நீல மலையின் மூன்று சகோதரிப் பாறைகள், நடுவில் ஒரு நாள் ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலும் அங்குள்ள கேன்டீன் தோசையும். துறைமுகத்தைச் சுற்றிவரும் மதிய உணவுப் படகு எங்கள் வீட்டு வரிசையில் இடம்பெற்றதில்லை. சர்க்குலர் கீயிலிருந்து மேன்லிக்குச் செல்லும் அரசுப் படகில் அரை மணி நேரப் பயணத்துக்குப் பத்து டாலர்கூட ஆவதில்லை. அதே தண்ணீரில் மிதந்துகொண்டு அதே ஓப்பரா ஹவுஸைப் பார்ப்பதற்குத் தலைக்கு நூறு டாலரை ஒட்டிக் கொடுக்க மனம் எளிதில் ஒப்புவதில்லை. ஆனால் இந்த முறை வந்திருந்தவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பலை வடத்தால் கரையோடு பிணைக்கும் வேலையில் சேர்ந்து, கடல்சார் பிரிவிலேயே படிப்படியாக உயர்ந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா. அவரை அரை மணி நேரத்தில் அக்கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவது முறையல்ல என்று தோன்றியதால், அவருக்கும் சித்திக்கும் எனக்குமாக ஒரு வெள்ளிக்கிழமைக்கு முன்பதிவு செய்தேன். சித்தி வெள்ளிக்கிழமை அசைவம் தொடமாட்டார் என்பதைப் பதிவின்போதே குறிப்பிட்டுவிட்டேன். சைவச் சாப்பாடு வேண்டுவோர் இதை மறக்கக் கூடாது, ஏனென்றால் படகு கிளம்பிய பிறகு சமையலறையில் புதிதாக எதுவும் தோன்றப்போவதில்லை.

இத்தகைய படகுகள் பல, டார்லிங் ஹார்பரில் உள்ள கிங் ஸ்ட்ரீட் வார்ஃப் என்னும் துறையிலிருந்து நண்பகலை ஒட்டிக் கிளம்புகின்றன. மற்றவர்கள் வரவேற்புக் கண்ணாடிக் கோப்பையை வாங்கிக்கொண்டு சன்னலோர மேசைகளைத் தேடிப் போனபோது, சித்தப்பா மட்டும் பின்தளத்தில் நின்று, கயிற்றை அவிழ்க்கும் பெண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தார். இருபது வயதைத் தாண்டியிருக்காத அந்தப் பெண், தளத்திலிருந்த இரட்டைக் கட்டையில் எட்டு வடிவத்தில் சுற்றப்பட்டிருந்த வடத்தை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினாள். கடைசிச் சுற்றை மட்டும் கையில் இழுத்துப் பிடித்தபடி மாலுமி அறையை அண்ணாந்து பார்த்து, அங்கிருந்து கை அசைந்த பிறகே அதையும் விட்டாள். விட்ட வடம் தண்ணீரில் விழுந்து இயந்திர விசிறியில் சிக்காதபடி இரு கைகளாலும் விரைவாக உள்ளிழுத்து, தன் காலடியில் வட்டமாகச் சுருட்டி வைத்தாள். வடச்சுருளுக்குள் அவள் ஒரு தடவைகூடக் காலை வைக்கவில்லை என்பதைச் சித்தப்பா எனக்குச் சுட்டிக்காட்டினார். சுருளுக்குள் கால் வைத்தவன் காலை இழந்த கதைகள் அவரிடம் உண்டு. சாப்பாட்டு நேரம் என்பதால் அவற்றைச் சொல்ல வேண்டாம் என்று சித்தி தடுத்துவிட்டார்.

படகு டார்லிங் ஹார்பரை விட்டு வடக்கே நகர்ந்ததும் வலப்பக்கம் பரங்காரு வருகிறது. வானளாவிய கண்ணாடிக் கோபுரங்கள், அவற்றின் காலடியில் நீரோரமாக வரிசையாக உணவகங்கள், அவற்றைத் தாண்டினால் மணற்கல் பாறைகளைப் படிப்படியாக அடுக்கி அமைத்த பசுமையான முனை. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுச் சித்தப்பா கேட்டார்: "என்ன தம்பி, ஹார்பர் ஹார்பர்னு கூட்டிட்டு வந்த, ஒரு சரக்குக் கப்பலைக்கூடக் காணோமே?"

சிட்னித் துறைமுகத்தைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளில் இதைவிடச் சரியானது வேறில்லை என்று நினைக்கிறேன். 1970களின் இறுதியில் நகரத்துக்குத் தெற்கே பாட்டனி விரிகுடாவில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டதிலிருந்து சரக்குக் கப்பல்கள் சிறிது சிறிதாக இங்கிருந்து விலகிப்போயின. கார்களை இறக்கும் கப்பல்கள் 2008இல் போர்ட் கெம்ப்ளா என்ற வேறு துறைமுகத்துக்கு மாறின. கிளீப் தீவுப் பக்கம் சிமென்ட் போன்ற மொத்தச் சரக்குகள் இன்றும் இறங்குகின்றன என்றாலும், உல்லாசப் பயணியின் கண்ணில் படும் பகுதியில் மிஞ்சியிருப்பவை பயணிகள் படகுகளும், கடற்படைக் கப்பல்களும், அவ்வப்போது பத்துமாடி வீடுபோல் வந்து நிற்கும் சொகுசுக் கப்பல்களும்தான். டார்லிங் ஹார்பரில் இன்று குழந்தைகள் விளையாடும் இடமெல்லாம் ஒரு காலத்தில் சரக்கு ரயில்களின் தண்டவாளங்கள். ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் குடியேறியதன் இருநூறாம் ஆண்டான 1988ஐ முன்னிட்டு அவற்றைப் பெயர்த்தெடுத்துவிட்டு அந்த இடத்தை மக்கள் உலவும் இடமாக்கினார்கள்.

பரங்காருவின் கதை இதைவிடக் கூர்மையானது. அந்தக் கண்ணாடிக் கோபுரங்களுக்குப் பின்னால் ஓடும் ஹிக்சன் சாலையை, 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது துறைமுகத் தொழிலாளர்கள் 'பசி மைல்' என்று அழைத்தார்கள். நாள்கூலிக்கு ஆள் எடுக்கும் முறை அன்று. விடிவதற்கு முன்பே ஒரு துறையின் வாசலில் போய் நிற்பார்கள், மேஸ்திரி கை காட்டுபவருக்கு வேலை, மற்றவர் அடுத்த துறைக்கு நடக்க வேண்டும், அங்கும் இல்லையென்றால் அதற்கடுத்த துறைக்கு. இப்படி வயிற்றில் ஒன்றுமில்லாமல் நடந்து தீர்த்த தூரத்துக்குத்தான் அந்தப் பெயர். பிற்காலத்தில் அந்தச் சாலையின் ஒரு பகுதிக்கு அதே பெயரை அதிகாரபூர்வமாகவே சூட்டிவிட்டார்கள். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கூப்பிடு தூரத்தில் இன்று நகரின் விலை உயர்ந்த உணவகங்கள் இருக்கின்றன என்பதை எந்தப் படகின் ஒலிபெருக்கியும் சொல்வதில்லை. நான் சொன்னபோது சித்தப்பா சிரிக்கவில்லை. தினக்கூலிக்காரர்கள் துறைமுக வாசலில் காத்து நின்ற காலத்தைத் தம் தகப்பனார் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

அடுத்து வருவது வால்ஷ் பே. விரல்களை நீட்டியதுபோல் கடலுக்குள் நீளும் மரத்தாலான சரக்குத் துறைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டவை. 1900இல் கப்பல் எலிகள் வழியே பிளேக் நோய் இந்த ஊருக்குள் நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அரசு நீரோரத் தனியார் துறைகளையெல்லாம் கையகப்படுத்தி, எலி ஏற முடியாத கடற்சுவரோடு புதிய துறைகளை எழுப்பியது. கம்பளி மூட்டைகள் அடுக்கிய அந்தக் கூடங்களில் இப்போது நாடக அரங்குகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இருக்கின்றன. மரத்தூண்களும் மேலே பளு தூக்கிய உத்தரங்களும் அப்படியே விடப்பட்டிருப்பதைக் கண்டு சித்தப்பா ஓரளவு சமாதானமடைந்தார்.

சிட்னி ஹார்பர் பாலத்துக்கு அடியில் செல்லும் கணத்துக்காக எல்லோரும் மேல்தளத்துக்கு ஏறிவிடுகிறார்கள், ஏற வேண்டியதுதான். கரையிலிருந்து பார்க்கும்போது வில்லாகத் தெரியும் பாலம், அடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது இரும்புக் காடாக மாறிவிடுகிறது: ஏறக்குறைய 60 லட்சம் கடாவி ஆணிகள், அவற்றின் தலைகள் மழைத்துளிபோல் நெருக்கமாக, சாம்பல் நிறப் பூச்சுக்குக் கீழே. 503 மீட்டர் நீளமுள்ள அந்த வளைவை இரு கரைகளிலிருந்தும் தனித்தனியே நீட்டிக்கொண்டே வந்து, 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடுவானில் இணைத்தார்கள். அதுவரை இரு பாதிகளையும் கரையில் பாறைக்குள் புதைத்த இரும்பு வடங்கள்தாம் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருந்தன. திறப்பு விழா 1932ஆம் ஆண்டு மார்ச் 19 அன்று. மாநில முதல்வர் ஜாக் லாங் ரிப்பனை வெட்டுவதற்கு முன்பே, பிரான்சிஸ் டி குரூட் என்பவர் குதிரையில் வந்து வாளால் அதை வெட்டிவிட்டார்; அவரைப் பிடித்துக்கொண்டுபோன பிறகு ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடியும் வெட்டினார்கள். இரு முனைகளிலும் கம்பீரமாக நிற்கும் கருங்கல் தூண்கள் பாலத்தின் பாரத்தைத் தாங்கவில்லை, அவை பார்வைக்காகவே கட்டப்பட்டவை என்று நான் சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. வளைவின் பாரம் கீழே கணுக்களில் இறங்குவதைப் படகு நெருங்கிய பிறகு தம் கண்ணாலேயே பார்த்துவிட்டு, இவ்வளவு கல்லை வீணாக்கியிருக்கிறார்களே என்றார். கட்டும்போது 16 தொழிலாளர்கள் உயிரிழந்த பாலம் அது.

பாலத்தைத் தாண்டியதும் ஓப்பரா ஹவுஸ் வலப்பக்கத்தில் திறந்துகொள்கிறது. இதைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை கிடையாது. ஆகவே நீரிலிருந்து மட்டுமே நன்றாகத் தெரியும் ஒன்றைச் சொல்லி நகர்கிறேன். படங்களில் வெள்ளை வெளேரென்று தெரியும் அந்தக் கூரை உண்மையில் வெள்ளை அல்ல. ஸ்வீடனில் செய்த 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகளில் ஒரு பகுதி பளபளப்பான வெண்மை, மற்றொரு பகுதி பளபளப்பில்லாத வெண்ணெய் நிறம். மங்கலான ஓடுகள் விளிம்புகளில் ஓடுவதால், படகு நகர நகர ஒளிபட்டு நடுப்பகுதி மின்னுவதும் விளிம்பு அடங்குவதுமாகக் கூரை முழுவதும் மீன் முதுகுபோல் கோடு கோடாகத் தெரிகிறது. மெதுவாகப் போகும் படகில், கையில் தட்டுடன் நிற்பவனுக்கு மட்டுமே இந்த விளையாட்டு முழுமையாகக் கிடைக்கும். வடிவமைத்த டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன் அரசோடு ஏற்பட்ட பூசலால் 1966இல் பணியை விட்டு நாடு திரும்பினார். 1973இல் அரசி எலிசபெத் திறந்துவைத்த கட்டடத்தை அவர் 2008இல் இறக்கும்வரை நேரில் வந்து பார்க்கவே இல்லை. 70 லட்சம் டாலர் என்று போட்ட மதிப்பீடு 10.2 கோடியில் முடிந்தது. பெரும்பகுதியை அரசு லாட்டரிச் சீட்டு விற்றுத் திரட்டியது.

இதற்குள் உணவு பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். தானே எடுத்துக்கொள்ளும் முறை: பனிக்கட்டிமேல் அடுக்கிய வேகவைத்த பெரிய இறால்கள், ஓட்டோடு திறந்து வைத்த பச்சைச் சிப்பி, அடுப்பில் சுட்ட பாரமுண்டி மீன், ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பலவகை சாலட், ரொட்டி. இறால் நன்றாக இருந்தது, மீன் சுமார், இறைச்சி வெகுநேரம் சூட்டில் காத்திருந்ததன் சோர்வு தெரிந்தது. சித்திக்குத் தனியாக வந்த தட்டில் சுட்ட பறங்கிக்காயும் கொண்டைக்கடலையும் ஒரு காளான் பதார்த்தமும் இருந்தன. உப்பும் காரமும் போதாது என்பதை எதிர்பார்த்தே வந்திருந்த அவர், கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து, எவருடைய அனுமதியையும் கேட்காமல் பிரித்தார். முத்துக்குளித்த ஊரிலிருந்து வந்தவரானாலும், சித்தப்பா பச்சைச் சிப்பியைத் தின்பதற்குத் தயாராக இல்லை. சிட்னி ராக் சிப்பி விற்பனைக்கு ஏற்ற அளவுக்கு வளர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும், அதனால்தான் இவ்வளவு மதிப்பு என்று நான் விளக்கிய பிறகு, எலுமிச்சம்பழத்தைத் தாராளமாகப் பிழிந்து ஒன்றை விழுங்கினார். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் இறால் பக்கம் திரும்பிவிட்டார். கடைசியில் பாவ்லோவா வந்தது. முட்டையின் வெண்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து மெல்லிய சூட்டில் உலரவைத்து, மேலே பாலேடும் பழமும் இட்ட இனிப்பு. முதல் கடியிலேயே அவர் முகம் மலர்ந்தது: "மக்ரூன்லா இது! முந்திரியைப் போட மறந்துட்டான்."

இந்த இறால் இந்தத் துறைமுகத்தில் பிடித்ததா என்று அவர் கேட்டது இயல்பான கேள்வி. இல்லை, இங்கே வணிகத்துக்காக மீன் பிடிப்பது 2006இல் தடைசெய்யப்பட்டுவிட்டது. மேற்கே ஹோம்புஷ் விரிகுடாவை ஒட்டி முன்பு இயங்கிய இரசாயன ஆலைகளின் கழிவிலிருந்து டயாக்சின் நஞ்சு அடிமண்ணில் சேர்ந்து, மீன்களின் உடலுக்குள்ளும் புகுந்துவிட்டதே காரணம். அங்கே களைக்கொல்லி தயாரித்த ஆலை யூனியன் கார்பைடுக்குச் சொந்தமானது. போபாலை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. தூண்டில் போடுகிறவர்களுக்குக்கூட, பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனைத் தின்ன வேண்டாம் என்பதுதான் அரசின் அறிவுரை. கண்ணாடிபோல் தெளிந்து மினுங்கும் தண்ணீரைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பிடித்த இறாலைத் தின்றுகொண்டிருந்தோம்.

ஆனால் இந்தத் தண்ணீரிலேயே பிடித்து, இந்தத் தண்ணீரின் மேலேயே சமைத்துத் தின்றவர்கள் இருந்தார்கள். 1788ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப் கைதிகளைச் சுமந்த கப்பல்களோடு இங்கே வந்து சேர்ந்தபோது, இந்தக் கரையின் பூர்வகுடிகளான ஈயோரா மக்களின் பெண்கள் மரப்பட்டையால் செய்த நவி என்னும் சிறு தோணிகளில் இந்த விரிகுடா முழுவதும் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சங்கு வகை ஓட்டைத் தேய்த்துச் செய்த பிறைவடிவத் தூண்டில்முள், மரப்பட்டை நாரில் முறுக்கிய கயிறு, மடியில் குழந்தை, தோணியின் நடுவில் களிமண் திட்டின்மேல் எரியும் சிறு நெருப்பு. பிடித்த மீன் அங்கேயே சுடப்பட்டது. சிட்னித் துறைமுகத்தின் முதல் மதிய உணவுப் படகுகள் அவைதாம் என்பேன். பரங்காரு என்பது அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பெயர். பிலிப் ஆளனுப்பிப் பிடித்து வைத்திருந்த பென்னலாங் என்ற பூர்வகுடி மனிதரின் மனைவி. வெள்ளையர் வலை வீசி ஒரே வாரியில் ஆயிரக்கணக்கான மீன்களைக் கரையேற்றியதைக் கண்டு அவள் சினந்ததாகக் குடியேற்றக் காலக் குறிப்புகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பென்னலாங்குக்குப் பிலிப் ஒரு செங்கல் குடிசை கட்டிக்கொடுத்த முனையில்தான் இன்று ஓப்பரா ஹவுஸ் நிற்கிறது. அந்த முனையில் பல தலைமுறைகளாகத் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மலைபோல் குவிந்து கிடந்தன. சுண்ணாம்புக்கல் கிடைக்காத புதிய குடியேற்றத்தார் அந்தக் குவியல்களை வாரி எரித்துத்தான் வீடு கட்டச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கிளிஞ்சலைச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பு எடுத்த கடற்கரையைச் சேர்ந்த சித்தப்பாவுக்கு இதில் வியப்பில்லை. அவர் கேட்டது, அவ்வளவு ஓடு சேர எத்தனை காலம் தின்றிருப்பார்கள் என்பது.

தாவரவியல் பூங்காவையும், ஆளுநர் மெக்குவாரியின் மனைவி அமர்ந்து கடலைப் பார்ப்பதற்காகக் கைதிகள் 1810இல் பாறையில் குடைந்த இருக்கையையும் கடந்தால் கார்டன் தீவு. போர்க்கப்பல்கள் கட்டப்பட்டிருந்த அந்தத் தளத்தைக் கண்டதும், கடைசியில் ஒரு துறைமுகத்தைக் கண்டுவிட்ட நிம்மதியோடு சித்தப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். 1942ஆம் ஆண்டு மே 31 இரவு, ஜப்பானின் மூன்று குறுநீர்மூழ்கிகள் இந்தத் துறைமுகத்துக்குள் புகுந்தன. ஒன்று தடுப்பு வலையில் சிக்கிக்கொண்டது. மற்றொன்று அமெரிக்கப் போர்க்கப்பலைக் குறிவைத்து ஏவிய டார்பிடோ தவறி, மாலுமிகள் உறங்கிக்கொண்டிருந்த குட்டபுல் என்ற பழைய பயணிகள் படகுக்கு அடியில் வெடித்து 21 பேரைக் கொன்றது.

அதற்கு அப்பால் பாயிண்ட் பைப்பர், ரோஸ் பே என்று செல்வந்தர்களின் கரை நீள்கிறது. எந்த வீடு எத்தனை கோடிக்கு விலைபோனது என்று ஒலிபெருக்கி அடுக்கிக்கொண்டே வந்தது. பயணத்தில் எனக்குச் சலிப்பூட்டிய பகுதி அதுதான். ரோஸ் பேயிலிருந்து 1938 முதல் நீர்விமானங்கள் சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி வழியாக இங்கிலாந்துவரை பறந்தன என்பதை அந்தக் குரல் சொல்லியிருந்தால் நேரம் பயனுள்ளதாகக் கழிந்திருக்கும்.

வாட்சன்ஸ் பே அருகே படகு திரும்புகிறது. இந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த ராபர்ட் வாட்சன், வரும் கப்பல்களுக்கு வழிகாட்டிய பைலட். பின்னர் 1818இல் ஒளிர்ந்த நாட்டின் முதல் கலங்கரை விளக்கத்துக்குப் பொறுப்பாளர். துறைமுகத்தின் வாயில் இங்கிருந்து தெரிகிறது: இருபுறமும் செங்குத்தான மணற்கல் முனைகள், நடுவே பசிபிக் பெருங்கடல். அதுவரை தட்டில் கிடந்த கரண்டிகூட அசையாமல் வந்த படகு, வாயிலுக்கு நேர் எதிரே வந்ததும் நீண்ட அலை ஒன்றின்மேல் மெல்ல ஏறி இறங்கியது. "நீங்க ரெண்டு பேரும் மேல போய்ப் பாருங்க, நான் இங்கனயே இருக்கேன்" என்று சித்தி மேசையைப் பிடித்துக்கொண்டார். மேலே நின்றபடி சித்தப்பா வாயிலையும் உள்ளே கிளைத்துக் கிடந்த விரிகுடாக்களையும் நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தார். பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்து உண்டான துறைமுகம் இது; வாயிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எந்தக் காற்றுக்கும் மறைவுண்டு. தூத்துக்குடியிலோ திறந்த கடலுக்குள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கல் கொட்டி எழுப்பிய பிறகுதான் கப்பல் வந்து நிற்க இடம் கிடைத்தது. "நாங்க லாரி லாரியா கல்லைக் கொட்டி உண்டாக்கினதை, இவங்களுக்கு ஆண்டவன் சும்மாவே கொடுத்திருக்கான். இவங்க என்னடான்னா சோறு திங்க வச்சிருக்காங்க" என்றார். இயற்கை அளித்த வாயிலும் எல்லோரையும் காத்ததில்லை. 1857ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இரவொன்றில் டன்பார் என்ற பாய்மரக் கப்பல் இந்த முனைக்குத் தெற்கே பாறையில் மோதி 121 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஒரே ஒருவர். தென்முனையின் நுனியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்டு நிற்கும் சிறிய கலங்கரை விளக்கம், அந்த விபத்தின் விளைவாக மறு ஆண்டு எழுந்தது.

திரும்பும் வழியில், வடகரையின் பிராட்லீஸ் முனையில், பாறைகளுக்கு மேலே எஃகுக் கொடிமரம்போல் ஒன்று நிற்கிறது. பெரும்பாலான பயணிகள் அதற்குப் பின்னாலுள்ள டாரோங்கா விலங்குக்காட்சி சாலையைத்தான் பார்க்கிறார்கள். நான் காத்திருந்தது அந்த மரத்துக்காக. அது சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் கொடிமரம். 1914ஆம் ஆண்டு நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளுக்கு அருகே எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலை அடித்து நொறுக்கிய கப்பல் அதுதான். அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு பொழிந்து, நகரத்து மக்களை மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓட வைத்த அதே எம்டன். உயர்நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் பதித்த கல்வெட்டைச் சித்தப்பா பலமுறை பார்த்திருக்கிறார். அந்தக் கதையின் மறுபாதி இங்கே இருக்கும் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. அருகிலிருந்த மேசைக்காரர்களுக்கும் அதை ஆங்கிலத்தில் விவரிக்கத் தொடங்கிவிட்டார். எம்டனின் பீரங்கி ஒன்று நகரத்தின் ஹைட் பூங்காவில் இருக்கிறது என்று நான் சொன்னதும், அன்று மாலையே அதைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

நடுநீரில் உள்ள டெனிசன் கோட்டைத் தீவைச் சுற்றிக்கொண்டு படகு மீண்டும் பாலத்தை நோக்கித் திரும்பியது. அடங்காத கைதிகளை அரை வயிற்று ரொட்டியோடு தனியே விட்டுவைத்த பாறை அது. அதன்மேல் 1857இல் கட்டி முடித்த வட்டக் கோபுரத்திலிருந்து, கப்பல்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்காகப் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கும் வழக்கம் 1906இல் தொடங்கியது.

இந்தச் செலவு தகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உணவுக்காகவென்றால் தகாது, அதே பணத்துக்குக் கரையில் இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கும். ஓப்பரா ஹவுஸின் முன்னால் நின்று படமெடுப்பதற்காகவென்றால் மேன்லிப் படகே போதும். ஆனால் வயதானவர்களை ஏறி இறங்கி நடக்க வைக்காமல், அமர்ந்த இடத்திலேயே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக இந்த ஊரின் கரைகளை அவசரமில்லாமல் காட்டுவதற்கு இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை. போகும்போது தென்கரையையும் வரும்போது வடகரையையும் ஒட்டிச் சென்றதால் எங்கள் படகில் வலப்பக்க மேசைக்காரர்களுக்கே காட்சி அதிகம் கிடைத்தது. பதிவின்போது கேட்டுப் பார்க்கலாம். மேல்தளத்தில் வெயில் காலத்திலும் காற்று குளிரும், ஆகவே ஒரு சால்வை அவசியம். ஊறுகாய் உங்கள் விருப்பம்.

சித்தப்பாவின் கேள்விக்கு மட்டும் படகில் முழு விடை கிடைக்கவில்லை. அதனால் மறுவாரம் அவரை லா பெரூஸ் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்து பாட்டனி விரிகுடாவின் குறுக்கே, கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்ற கப்பல் ஒன்றிலிருந்து கிரேன் பெட்டி இறக்குவதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தவர், வேகம் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டு, சித்தி கட்டிவந்திருந்த புளியோதரையைப் பிரித்தார்.